தூய ஊர்தியில் ஏற ஆளில்லை

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பல வருடங்களாக இதை ஒரு சுற்றுச்சூழல் கொள்கை என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன். ஓட்டுநர் உரிமத்துக்குப் போனபோது எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். நான் போட்டது பழைய தமிழ் எண்ணில் எட்டாக இருந்திருக்கக்கூடும். அதிகாரிக்கு அது படிக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து பஸ், ஷேர் ஆட்டோ, நடை. கேட்பவர்களிடம் காற்று கெட்டுப்போகிறது என்பேன். இந்தப் புகழ் ஸ்ரீபெரும்புதூரில் மெல்லப் பரவி, ஒருநாள் ஒரு கூட்டமைப்பு என்னைத் தேடி வந்துவிட்டது.

சுத்தமான போக்குவரத்துக்கும் மாற்று எரிபொருளுக்கும் பாடுபடுகிற, லாப நோக்கம் இல்லாத வட்டாரக் கூட்டமைப்பு. இங்கிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள சில சின்னத் தொழிற்சாலைகள், ஒரு கல்லூரி, பேட்டரி வியாபாரிகள், வேன் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்தது. ஆபீஸ் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் இருந்தது. கூட்டமைப்பின் பெயர் கட்டடத்தைவிட நீளம் என்பதால் பெயர்ப் பலகையை மூலையில் மடக்கிச் சந்துப் பக்கம் திருப்பியிருந்தார்கள். மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் ‘சுத்தமான போக்குவரத்து மற்றும்’ என்பது வரைதான் தெரியும். மற்றது என்னவென்று தெரிந்துகொள்ளச் சந்துக்குள் போக வேண்டும். அங்கே ஒரு சாக்கடை உண்டு என்பதால் யாரும் போவதில்லை.

முதல் கூட்டத்துக்கு நான் நடந்து போனேன். மற்ற எல்லாரும் பெட்ரோல் பைக்கில் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் பெரிய டீசல் காரில் வந்து, காற்று மாசு பற்றி ஒரு மணி நேரம் உருக்கமாகப் பேசினார். அந்த ஒரு மணி நேரமும் கீழே அவருடைய டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்ஜினை அணைக்காமல் தூங்கிக்கொண்டிருந்தார். கீரை வடை நன்றாக இருந்ததால் நான் உறுப்பினரானேன்.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. தொழிற்சாலைச் சுவர்களில் ‘கையை உள்ளே விடாதீர்கள்’, ‘தலை பத்திரம்’ என்றெல்லாம் பார்த்திருப்பீர்களே, இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவற்றில் பாதி என்னுடைய படைப்புகள். என்னைப் போல் இவ்வளவு பெரிய எழுத்தில் அச்சான எழுத்தாளர் தமிழில் குறைவு. ஆகவே கூட்டமைப்பு எனக்கு ‘மொழி ஆலோசகர்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. தலைவர் ஒரு கார் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்பார். அது ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த முறையாம். அவர் வீட்டில் அந்த முறை செல்லாது என்று அவருடைய மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னார்.

வெளியூர் நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஒரு பேட்டரி ஆட்டோவைக் கொடுத்தது. ஆறு பேர் உட்காரக்கூடிய பெரிய வகை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் வழியாக ஒரகடம் கூட்டுரோடு வரை மூன்று மாதம் ஷேர் ஆட்டோவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிவில் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். ஜனங்கள் ஏறிப் பழகியிருந்தால் வண்டி ஓட்டுகிறவரிடமே இருக்கும். இல்லாவிட்டால் வேலூர் பக்கம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஓட்ட வந்தவர் பிள்ளைப்பாக்கத்துக்காரப் பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கும். உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் லைனில் பல வருடம் வேலை பார்த்தவர். லைன் என்றால் ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. கால் நரம்பு சுருண்டுகொண்டதும் விட்டுவிட்டு, ஆட்டோ ஓட்டப் பழகி, பேட்ஜ் வாங்கியிருந்தார். தேர்வுக் கூட்டத்தில் தலைவர் தன் வழக்கப்படி இந்த வேலை ஏன் வேண்டும் என்று ஆரம்பித்தார். மற்ற விண்ணப்பதாரர்கள் எல்லாம் பூமி வெப்பமாவதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். இவர், “உக்காந்துகினு செய்யற வேல சார்,” என்றார். அடுத்த நான்கு ‘ஏன்’களைத் தலைவர் கேட்கவே இல்லை.

பிறகு வண்டிக்குப் பெயர் வைக்கும் கூட்டம். இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

உறுப்பினர்கள் எல்லாரும் ஆங்கிலப் பெயராகச் சொன்னார்கள். ஒருவர் ‘ஈகோ ஆட்டோ’ என்றார். அந்தப் பெயருக்கு ஊரில் இருக்கும் எல்லா ஆட்டோவுமே தகுதியானவைதான் என்று சொல்லி அதை ஒழித்துக்கட்டினேன். எழுந்து நின்று ‘ஊர்தி’ என்ற சொல்லின் அழகைப் பற்றிப் பேசினேன். ஊர்தல் என்றால் சத்தமில்லாமல் மெல்ல நகர்வது. பேட்டரி வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே இருக்கிறது. வானத்தில் போனால் வானூர்தி, நம் ரோட்டில் போனால் என்ன. கைதட்டினார்கள். தலைவருக்கு ‘கிளீன்’ என்பதும் பெயரில் வந்தாக வேண்டும். ‘தூய்மை ஊர்தி’ என்றார். குப்பை வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று தீர்க்கதரிசனத்தோடு நான் எச்சரித்து, ‘மை’யை எடுத்துவிட்டேன். தூய ஊர்தி.

பெயருக்கு ஏற்றபடி வண்டிக்கு வெள்ளை பெயின்ட். பச்சையில் எழுதினால் கட்சிச் சாயம், சிவப்பில் எழுதினால் வேறொரு கட்சிச் சாயம் என்று பேசி, எழுத்துக்கு ஊதா. ஓர் இலை வரையலாம் என்றார் கல்லூரிப் பேராசிரியர். இலை போட்டால் சாப்பாட்டுக் கடை என்று சொல்லி அதை நிராகரித்து, ஒயரும் பிளக்கும் வரையச் சொன்னோம். பெயின்டர் சிக்கனமான கலைஞர். மேலிருந்து கீழே ஒரு கோடு, அதன் மேல்பக்கம் குறுக்கே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். நாகரிகமாக இருக்கிறது என்று நான்தான் பாராட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாமந்தி மாலை போட்டு, கூரைமேல் ரோஜா இதழ் தூவி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை அனுப்பினோம். சத்தமே இல்லாமல் போயிற்று. எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம்தான் கேட்டது.

மறுநாளே ஓட்டுநர் போன் செய்தார். “சார், ஜனங்க கும்பிடறாங்க சார்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. புது விஞ்ஞானத்தை நம் மக்கள் முதலில் பக்தியோடுதான் வரவேற்பார்கள் என்று விளக்கினேன்.

“கும்பிட்டுட்டு பின்னாடி வர டீசல் ஆட்டோல ஏறிகினு போறாங்க சார்.”

தலைவரிடம் சொன்னேன். அவர் பயம்தான் காரணம் என்று முடிவு செய்தார். கரண்ட் வண்டி, மழை பெய்தால் ஷாக் அடிக்கும் என்று ஜனங்கள் பயப்படுவார்கள் என்பதை எதிர்பார்த்து முன்பே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி வைத்திருந்தேன். எங்களுக்குத் தெரிந்த எல்லாப் பயத்துக்கும் அதில் பதில் இருந்தது. அடுத்த வாரம் நானே வண்டியின் பக்கத்தில் நின்று அதை விநியோகித்தேன். மக்கள் இரண்டு கையாலும் வாங்கி, படிக்காமல் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார்கள். இவ்வளவு மரியாதையாக யாரும் என் எழுத்தை வாங்கியதில்லை. ஒருவர் மட்டும் பதினாறாம் நாள் எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டார். கூட்டத் தேதியைக் கேட்கிறார் என்று நினைத்து, பதினாறாம் தேதியா, பஞ்சர் கடை மாடியில், எல்லாரும் வரலாம், வடை உண்டு என்று சொல்லி அனுப்பினேன்.

வண்டி காலியாகப் போய்க் காலியாக வந்தது. தன்னைப் பார்த்துத்தான் யாரும் ஏறவில்லை, பொம்பளை ஓட்டுகிறாள் என்று பயப்படுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். காலி வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பதைவிட வலி கொடுத்தாலும் லைனே மேல் என்று ஒருநாள் சொன்னார். பழைய சூப்பர்வைசரைப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தார். அதைச் சொன்னபோது அவர் கை, தன்னை அறியாமல் முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை, ஆள் உட்கார்ந்திருந்தால் ஆள் ஏறும் என்ற தத்துவத்தின்படி நானே பயணியாக ஏறிக்கொண்டேன்.

பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து போனேன். ரோட்டில் எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கனிவு இருந்தது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி நின்றார். பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஊர் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டது என்று தோன்றியது.

டீக்கடை வாசலில் நின்ற ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஓடிவந்தார். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர். என் மொழிபெயர்ப்புகளை எல்லாம் அவரிடம்தான் நகல் எடுப்பேன். வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப சார் ஆச்சு?”

“வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பார்த்துதான்.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே சார்.”

“பேப்பர்லகூட சின்னதா போட்டிருந்தாங்களே.”

“நான் பாக்கல. மன்னிச்சிக்கோங்க. வெள்ளிக்கெழமன்னா, இன்னும் முடிக்கலையா?”

“எப்படி முடிக்கிறது? பெங்களூர்லேருந்து ரெண்டு பேர் வரணும். அவங்க வந்து பாத்துட்டுதான் முடிவு பண்ணுவாங்க.”

“அது வரிக்கும்?”

“அது வரைக்கும் இப்படியே சுத்திக்கிட்டிருக்க வேண்டியதுதான்.”

அவர் குரலைத் தாழ்த்தி, கஷ்டப்பட்டாங்களா என்று கேட்டார். சத்தமே இல்லை, அதுதான் இதில் விசேஷம் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுத்தமான காற்றுக்காக இவ்வளவு உருகுகிற மனிதரை நான் ஜெராக்ஸ் விலையில் பேரம் பேசியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் எட்டி வண்டிக்குள் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

“எங்க சார் வெச்சிருக்கீங்க?”

பேட்டரியைக் கேட்கிறார். நான் சீட்டைத் தட்டிக் காட்டினேன். “எல்லாம் இதுக்கு அடியிலதான்.”

மனிதர் இரண்டடி பின்னால் தாவி, டீக்கடைப் பெஞ்சில் இடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் சாகவில்லை என்று நான் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறார் என்று டீக்கடைக்காரரிடம் எனக்குத் தண்ணீர் கேட்டார். கடைசியில் நம்பியதும், கண் கலங்கியது வீணாகிவிட்ட கோபத்தில் வண்டியின் நெற்றியைக் காட்டினார்.

“பின்ன இன்னா சார் எழுதி வெச்சிக்கினு கீறீங்க? சர்ச்சு சாவு வண்டின்னுதான ஊரே பேசிக்கினு கீது.”

சாவி திருகும் சத்தம் கேட்டது. எங்கள் ஓட்டுநர் இறங்கி வண்டிக்கு முன்னால் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, தன் வண்டியின் பெயரை முதல்முறையாகப் படிப்பவரைப் போலப் படித்தார். நானும் பக்கத்தில் போய் நின்று படித்தேன். அதுவரை நான் அதை ஓர் இலக்கியச் சொல்லாகத்தான் பார்த்திருந்தேன்.

சொல்லப்போனால் நம் ஊரில் ஒரு மனிதனுக்கு ஊர்தி என்ற சொல் வாழ்க்கையில் இரண்டே முறைதான் தேவைப்படுகிறது. முதலில் வருவது அவசர ஊர்தி. அது தாமதமானால் வருவது அமரர் ஊர்தி. அதற்கு முன்னால் ‘தூய’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தேன். இந்தப் பக்கத்துச் சர்ச் வாசல்களில் புனிதர்களின் பெயர்களுக்கு முன்னால் எல்லாம் அந்தச் சொல் இருக்கிறது. வெள்ளை வண்டி. ஊதா எழுத்து. பெயருக்குப் பக்கத்தில் நாகரிகமான, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சிலுவை. சாமந்தி மாலை வேறு, வாடியும் யாரும் கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“நானும் மாதா கோயிலுக்குப் போறவதான் சார்,” என்றார் ஓட்டுநர். “எனக்கே தோணல பாருங்க. என் மூஞ்சிக்குதான் ஏற மாட்டேன்றாங்கன்னு தெனிக்கும் பவுடரு போட்டுக்கினு வரேன்.” அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பேரு நீங்க வெச்சதாமே சார்?”

கூட்டு முடிவு என்று சொன்னேன்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பெயரை மாற்றிவிடலாம் என்று நானே முன்மொழிந்தேன். அது நடக்காது என்று தெரிந்தது. டி-ஷர்ட், பேனர், தொப்பி எல்லாம் அந்தப் பெயரில் அச்சாகிவிட்டன. பெங்களூருக்கும் அந்தப் பெயரில்தான் எழுதியிருக்கிறது. பெயர் மாற்றுவதற்குப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு கூட ஆள் வர வேண்டும். தலைவர் ஐந்து ‘ஏன்’ கேட்டார். மக்கள் ஏன் ஏறவில்லை? சாவு வண்டி என்று நினைக்கிறார்கள். ஏன் அப்படி நினைக்கிறார்கள்? ஊர்தி என்பதால். ஏன் ஊர்தி? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீதி இரண்டு ‘ஏன்’களும் எனக்கே வந்தன. பேராசிரியர் மட்டும் ஒரு வழி சொன்னார். பெயர் அப்படியே இருக்கட்டும், கீழே ‘இது பயணிகளுக்கு’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். ஒட்டினோம். டீக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, கரெக்டாகப் போட்டிருக்கிறீர்கள், எல்லாரும் பயணிகள்தானே என்று பெருமூச்சு விட்டாராம்.

ஒரு மாதம் போய்விட்டது. லைனில் ஓட்டுநருக்கு இடம் தயார் என்று சூப்பர்வைசரும் சொல்லியனுப்பிவிட்டார். முடிவைச் சொல்ல இவர் ஒரு வாரம் கேட்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் எனக்குப் போன் வந்தது. “சார், பேர மாத்தக் கூடாதுன்னுதான சொன்னாங்க? மாத்தல. கீழ ஒரு வரி எழுதிக்கினேன்.” நான் என்ன வரி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். ‘இது பயணிகளுக்கு’ ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, அந்த இடத்திலும் வண்டியின் முதுகில் பெயருக்குக் கீழேயும் மஞ்சள் பட்டை அடித்து, சிவப்பில், நம் ஊர் ஆட்டோக்காரர்கள் காலம்காலமாக எழுதுகிற அதே வளைந்த எழுத்தில் எழுதியிருந்தது: பிரசவத்திற்கு இலவசம்.

ஒரு மொழி ஆலோசகனாக நான் அந்த இரண்டு சொற்களை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் எந்தச் சாவு வண்டியும் அப்படி எழுதிக்கொள்ள முடியாது. ஆட்டோவைத் தவிர வேறெந்த வண்டியுமே எழுதிக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் அந்த வரியைப் படித்த எவனும், இது ஆட்டோ, இதில் ஏறலாம், இறங்கும்போது சில்லறைக்குச் சண்டை போடலாம் என்று புரிந்துகொள்வான்.

தலைவருக்குக் கோபம். பொதுக்குழுத் தீர்மானத்தில் இல்லாத வாசகம். உடனே அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று என்னையே அனுப்பினார். நான் போன நேரம், வண்டிக்குள் நிறைமாதமாக ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அரசு மருத்துவமனையில் செக்கப்பாம். என்னைக் கழித்துவிட்டால் வண்டியின் முதல் பயணிகள். அழிக்கச் சொல்ல வந்தவன் அந்த அம்மாவின் கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினேன். தலைவரிடம், பெயின்ட் காயட்டும் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னேன்.

அந்தப் பெண் ஊருக்குள் போய் என்ன சொன்னாளோ, வேகத்தடைகளில்கூட வயிறு அதிரவில்லை என்று பேச்சுப் பரவியது. இந்த ரோட்டில் மாசமாக இருப்பவர்கள் வேறு ஆட்டோவில் போவது எப்படிப்பட்ட சாகசம் என்பது அதில் போன எனக்கே தெரியும். நான் மாசமாகக்கூட இல்லை. செக்கப்புக்கு வந்தார்கள், ஸ்கேனுக்கு வந்தார்கள். பிரசவம் என்ற சொல்லுக்கு இவ்வளவு விரிவான பொருள் உண்டு என்று எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. தடுப்பூசி போடப் போகிறவர்கள் அதுவும் பிரசவத்தில் சேர்த்தி என்றார்கள். குழந்தை பார்க்கப் போகும் மாமியார் தானும் சேர்த்தி என்றார். மூன்று வயதுப் பையனை இழுத்துக்கொண்டு வந்த ஒருத்தி, இவன் பொறந்தப்ப இந்த வண்டி இல்லை, அதை இப்ப கழிச்சிக்கோ என்று ஏறி உட்கார்ந்துவிட்டாளாம்.

“கல்யாணம் முடிஞ்சி மாலகூட கழட்டல சார், ஒரு ஜோடி வந்து ஃப்ரீயான்னு கேக்குது,” என்றார் அவர். “வவுறு தெரிஞ்சாதான் ஃப்ரீன்னு சொல்டேன். அதுக்கு அந்த மாப்பிள தன் தொப்பைய காட்றான்.”

இலவசமாகப் போகிறவர்களைப் பார்த்துக் காசு கொடுப்பவர்களும் ஏற ஆரம்பித்தார்கள். மின்னணுத் தொழிற்சாலை ஹாஸ்டல் பெண்கள்தான் முதலில். மாசமாக இருப்பவளே மழையில் ஷாக் அடிக்காமல் போய் வருகிறாள், நமக்கென்ன என்று அவர்களுக்குள் பேச்சு. என் துண்டுப் பிரசுரம் நான்கு பக்கத்தில் சொன்னது இதைத்தான். இன்ஜின் சத்தம் இல்லாததால் போகும்போதே வீட்டுக்குப் போன் பேச முடிகிறது என்பதை அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். தென்காசியிலிருந்து வந்த ஒரு பெண் ஒரகடம் போய்ச் சேருவதற்குள் தன் அம்மாவோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவாளாம். சூப்பர்வைசரிடம் கேட்ட வாரம் முடிந்தபோது, வரவில்லை என்று சொல்லியனுப்ப நம் ஓட்டுநருக்கு நேரம் இல்லை. சூப்பர்வைசரே வேறு ஆள் போட்டுக்கொண்டார். திரும்பிப் போக இனி இடமில்லை. இந்த வண்டி போய்விட்டால் எதுவும் இல்லை.

பெங்களூர்க்காரர்கள் வந்த நாளன்று நல்ல தூறல். ஓர் இளைஞர், ஒரு பெண்மணி. இருவரும் எங்கள் வண்டியிலேயே ஒரகடம் வரை போய்ப் பார்ப்பதாகத் திட்டம். தலைவர் கோட் போட்டிருந்தார். நான் கூட்டமைப்பின் தொப்பியைப் போட்டிருந்தேன். தூய ஊர்தி என்று என் நெற்றியிலும் எழுதியிருந்தது. எங்கள் வண்டி சத்தமில்லாமல் வந்து எங்கள் முன்னால் நின்றது. நிரம்பியிருந்தது. உள்ளே ஹாஸ்டல் பெண்கள், ஓரத்தில் மாசமாக இருக்கும் ஒரு பெண்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “எடமில்ல சார். அடுத்த ட்ரிப்பு,” என்றார்.

தலைவர் குனிந்து, இவர்கள்தான் பெங்களூரிலிருந்து வந்தவர்கள், இவர்கள் முடிவில்தான் எல்லாம் இருக்கிறது, நான்கு பேரை மட்டும் இறக்கிவிட்டால் போதும் என்று மெதுவாகச் சொன்னார். மூன்று மாதமும் இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

அவர் எங்களைப் பார்த்தார். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். ஒருத்தி போனில் அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இவங்களுக்கு ஷிஃப்ட் கீது சார். இவங்கள எறக்கிட்டு காலி வண்டிய காட்டி இன்னா பிரயோஜனம்?” என்றார். ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே எங்களைக் கேட்டார். “உங்களுக்கு ஒண்ணியும் லேட் ஆவலியே?”

வண்டி போய்விட்டது. தலைவரின் முகம் தரக் கட்டுப்பாட்டில் திருப்பி அனுப்பப்பட்ட பாகம் போல இருந்தது. பெங்களூர்ப் பெண்மணி போகிற வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் மேல் வரியை வேகமாகக் கடந்து, கீழ் வரியை நிதானமாக மொழிபெயர்த்தேன். அவர் கண்கள் விரிந்தன. உங்கள் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கான அம்சமும் இருக்கிறதா என்று தலைவரைக் கேட்டார்.

தலைவர் ஒரு ‘ஏன்’ கூடக் கேட்கவில்லை. அது எங்கள் தாய்-சேய் நலப் பிரிவு என்றார். அந்தப் பிரிவு உருவாகும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி.

கடைசியில் நாங்கள் நால்வரும் ஒரு டீசல் ஷேர் ஆட்டோவில் ஒரகடம் போனோம். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பெண்மணி வழி முழுக்க என்னிடம் கத்திக் கத்திக் கேள்வி கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்பது இப்போதும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் நான் சுங்குவார்சத்திரத்தில் ஆட்டோ ஓட்டுநர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தது அவற்றில் ஒன்று. வண்டி ஓட்டத் தெரியாதவன் நடத்திய வகுப்பு என்பதை அவர்கள் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

சாயங்காலம் முடிவைச் சொன்னார்கள். வண்டி இங்கேயே இருக்கும், அவரிடமே இருக்கும். செய்தியைச் சொல்லும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உழைப்பு, பொறுமை, பெண்கள் என்று ஒரு சின்ன உரையும் மனதில் தயாராக இருந்தது. போன் போட்டு முதல் வாக்கியத்தை ஆரம்பித்ததும் அவர் குறுக்கிட்டார்.

“வண்டி எங்கியும் போவாதில்ல சார்?”

“போகாது.”

அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு அவர் குரல், என்னிடம் இல்லை, பின் சீட்டுக்கு: “கொஞ்சம் தள்ளி குந்துங்கம்மா, அக்கா ஏறட்டும். பாத்து ஏறு, மெதுவா.”

போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை. பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்கிறதா, கிளம்பிவிட்டதா என்று போனை எவ்வளவு காதோடு அழுத்தினாலும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர், “பிள்ளப்பாக்கம் யாரு?” என்று கேட்டபோதுதான், அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.